வேறு குறிப்புகள்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
அடகுக்கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
லியோங் தவுக்கே புதிதாய் எடுத்திருக்கும் மதுக்கடை.
இன்னும் பலகை மாட்டவில்லை.
பீர்ப் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கி
அதன்மேல் பாரம் வைத்து எழுதுகிறேன்.
"உங்க ஆளுங்கதான் நிறைய வருவாங்க,
நீயே பார்த்துச் சொல்லு" என்று
என் தலையில் கட்டிவிட்டுத்
தவுக்கே மீ சூப் சாப்பிடப் போய்விட்டார்.
நான் கணக்கெழுதுகிறவள்.
அரிசி மூட்டையை எடை போடுவேன், ஆளை அல்ல.

முதலில் வந்தவன் மூச்சிலேயே தோற்றான்.
அடுத்தவன் மோட்டாரைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று
போனவன் போனவன்தான்.
மூன்றாவது
பாவாடை, த/பெ அய்யாக்கண்ணு, வயது அறுபது,
மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை,
பையில் இரண்டு பேனா.

குடிப்பீர்களா?
"நாக்குல பட்டதில்லம்மா. வாசனை மட்டும் தெரியும்."
கடன் கொடுப்பீர்களா?
"கொடுத்தா சரக்கும் போகும், ஆளும் போயிடும்."
யாராவது ஏறிப்போய்க் கத்தினால்?
"பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், அப்பன் பேரையும் சேர்த்து.
பாதிப் பேருக்கு அதுலயே இறங்கிடும்."

சரி, சரி, சரி என்று
பேனா தானாய் நடந்தது.
முன் அனுபவம் என்ற கட்டத்தில் நின்றது.

"தோட்டத்துக் கள்ளுக்கடை.
பத்தொன்பது வருஷம். மூடுற வரைக்கும்."
எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை.
அவர் கையைப் பார்த்துவிட்டேன்.
இடது கட்டைவிரலில் நகம் இல்லை.

அந்த விரல்தான்
கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து நீண்டு
என் போத்தலை வாங்கும்.
எனக்கு எட்டு வயது.
பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றியிருக்க மாட்டேன்.
நுரை வழியாமல் நிரப்பி,
வாழைச்சருகு உருட்டி வாயை அடைத்து,
மீதிச் சில்லறையை என் கைக்குட்டை முனையில் முடிந்து,
"சாக்கடைப் பாலம் வழுக்கும், பார்த்துப் போ தாயி" என்பார்.
ஒரு நாளும் ஒரு சென் குறைந்ததில்லை.
ஒரு நாளும்
இல்லை என்று சொன்னதில்லை.

"நீங்க எந்தத் தோட்டம்மா?"
டவுன்தான் என்றேன்.

பாரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
சின்னப் பிள்ளை வந்து கேட்டால்?
"இருபத்தொன்னு ஆகணும்னு சட்டம். ஐசி பார்ப்பேன்."
சட்டம் இல்லாவிட்டால்?

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
கடையை அதிரவைத்துக் கடந்தது.
அடுக்கிய போத்தல்கள் ஒன்றையொன்று இடித்துப் பேசின.
அவை அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.
"வெறுங்கையோட போன பிள்ளைக்கு
வீட்டுல அடி விழும்மா.
கொடுத்துடுவேன்."

புருவத்தின்மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
சம்பளத்துக்கு மறுநாள், போலீஸ் வந்து
கள்ளுக்கடை பூட்டிக் கிடந்த ஒரே ஒரு சாயங்காலம்.
தையல் நான்கு.
அவர் சொன்னதில் பொய்யில்லை.
போத்தலோடு திரும்பிய நாட்களில்
அடி அம்மாவுக்கு.
அது வலைக்குள்ளிருந்து அவருக்குத் தெரிந்திருக்காது.
அல்லது தெரியும்.
அப்பன் பேரோடு ஊரையே கூப்பிடத் தெரிந்தவருக்கு
எது தெரியாது?

தவுக்கே பல் குத்திக்கொண்டே வந்தார்.
பாரம் முழுக்க மலாய்.
வேறு குறிப்புகள் என்ற கடைசிக் கோட்டில் மட்டும்
தமிழில் எழுதியிருந்தேன்:
சில்லறை சரியாகக் கொடுப்பார்.

விரலை வைத்து, "இது என்னா?" என்றார்.
காசில் சுத்தமாம் என்றேன்.
அவருக்கு அது போதும்.
சாவிக்கொத்தைத் தேடி
காற்சட்டைப் பைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குக் கடை திறக்கணும்?" என்று
பாவாடை கேட்டார்,
தவுக்கேயை அல்ல, என்னைப் பார்த்து.